‘நூற்றுக்கு நூறு’ என்னும் மாயம்: நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் நம் பெற்றோரும்



வழக்கமாக இங்கே மொழியைப் பற்றியும் தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் எழுதி வருகிறேன். இன்று, கடைத்தெருவில் ‘ஆண்டிவைரஸ்’ என அழைக்கப்படும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளைப் பற்றி எழுதப் போகிறேன். ‘தமிழாசிரியருக்கு இந்த வேலை எதற்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு மாணவியின் மடிக்கணினியில் தமிழ் எழுத்து நின்றுபோனது. அதனால்தான் இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார், பள்ளி முடியும் நேரத்தில் மடிக்கணினியோடு என்னைத் தேடி வந்தார். “சார், மூனு நாளா தமிழ் டைப் பண்ண வரல. கட்டுரைப் போட்டிக்குப் புள்ள எழுதிக்கிட்டு இருந்தது பாதியிலயே நிக்குது. கொஞ்சம் பாருங்க சார்” என்றார்.

திறந்து பார்த்தேன். யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற பழைய கணினி அது. அதில் இரண்டு நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது, கணினியை விற்ற கடைக்காரர் போட்டுவிட்ட சோதனைப் பதிப்பு. அதன் தவணை முடிந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. இரண்டாவது, அந்தத் தாயார் 189 ரிங்கிட் கொடுத்துப் புதிதாக வாங்கியது. இந்த இரண்டாவது மென்பொருள்தான், நான் என் மாணவர்களுக்கு ஏற்றிக் கொடுத்திருந்த தமிழ் விசைப்பலகைச் செயலியைத் ‘திருட்டு நிரல்’ என்று முத்திரை குத்திச் சிறையில் அடைத்திருந்தது!

“ஏன் இதை வாங்கினீர்கள்?” என்று கேட்டேன். “மீட்டிங்ல வித்தாங்களே சார். டெஸ்ட்ல நூத்துக்கு நூறு வாங்குனதாம். புள்ளைக்குப் பாதுகாப்புன்னாங்க” என்றார்.

ஆம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு ஒருவர் விற்றார். வண்ணத் துண்டறிக்கை கொடுத்தார். அதில் ‘100% பாதுகாப்பு – அனைத்துலகச் சோதனையில் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நானும் அங்கே இருந்தேன். வாய் திறக்காமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குற்ற உணர்வுதான் இந்தக் கட்டுரை.

மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மாதம் 26 நாள் வேலை என்று கொண்டால், 189 ரிங்கிட் என்பது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி தம் மூன்று நாள் உழைப்பைக் கொடுத்து, மகளின் தமிழை அடைத்துப்போட்ட காவலாளியை வாங்கி வந்திருக்கிறார்!

மண்டபத்தில் நடந்த வித்தை

விற்பனையாளர் ஒரு சிறிய கோப்பைத் திறந்து காட்டியதைப் பலரும் பார்த்தார்கள். திறந்த நொடியில் திரையில் சிவப்பு எச்சரிக்கை பாய்ந்து வந்தது. “பார்த்தீர்களா, பிடித்துவிட்டது!” என்றார். கைதட்டல் எழுந்தது.

அந்தக் கோப்பு நச்சுநிரலே அன்று. ‘ஐகார்’ சோதனைக் கோப்பு என்பது அதன் பெயர். வெறும் 68 எழுத்துகளால் ஆனது. யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது. எதிர்ப்பு மென்பொருள் விழித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. இதைக் கண்டால் எச்சரிக்க வேண்டும் என்பது அத்துறையினர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே விலையுள்ளதும் இலவசமானதும் ஒன்றுபோலவே இதைப் ‘பிடிக்கும்’. பள்ளியில் தீயணைப்புப் பயிற்சிக்கு மணியடித்துப் பார்க்கிறோம். மணி ஒலித்ததால் நெருப்பை அணைத்துவிட்டோம் என்று யாராவது சொல்வார்களா?

மதிப்பெண் எங்கிருந்து வருகிறது?

துண்டறிக்கையில் இருந்த ‘100%’ முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படியோர் எண் எங்கோ ஓர் அறிக்கையில் இருந்திருக்கக்கூடும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ‘ஏவி-டெஸ்ட்’, ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ‘ஏவி-கம்பேரட்டிவ்ஸ்’, இங்கிலாந்தில் ‘எஸ்இ லேப்ஸ்’ என மதிக்கத்தக்க சோதனைக்கூடங்கள் உள்ளன. அவை உழைத்துச் சோதிக்கின்றன. எப்படிச் சோதித்தோம் என்பதையும் எழுதி வைக்கின்றன. சோதிக்கப்படும் நிறுவனங்களிடமிருந்து இத்தகைய கூடங்கள் கட்டணம் பெறுவதுண்டு. அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், அதனாலேயே எல்லாம் ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவது பேதைமை. என் சண்டை அக்கூடங்களோடு அன்று. பல பக்க அறிக்கையிலிருந்து ஒரே ஓர் எண்ணைக் கிள்ளி எடுத்து, அதையே காப்புறுதியாக ஏழைகளிடம் விற்கிறார்களே, அவர்களோடுதான்.

நாம் ஆசிரியர்கள். மதிப்பெண்ணின் பிறப்பும் வளர்ப்பும் நமக்குத் தெரியும். ‘என் மகன் நூறு வாங்கினான்’ என்று ஒருவர் சொன்னால் நமக்கு இயல்பாகவே சில கேள்விகள் எழும். எந்தப் பாடம்? எப்போது நடந்த தேர்வு? எத்தனை கேள்விகள்? அவனே எழுதினானா? இதே கேள்விகளை மென்பொருளிடமும் கேட்போம்.

கேள்வி 1: எந்தப் பாடத்தில் நூறு?

ஏவி-டெஸ்ட் நிறுவனம் வீட்டுப் பயனர் மென்பொருளுக்கு மூன்று பாடங்களில் மதிப்பெண் இடுகிறது. ஒன்று பாதுகாப்பு, இரண்டு, கணினியின் வேகத்தை எவ்வளவு குறைக்கிறது என்பது, மூன்று, பயன்பாட்டு எளிமை. இம்மூன்றாவது பாடத்தின் பெயரைக் கண்டு ஏமாற வேண்டா. நல்ல கோப்பையும் நல்ல இணையத்தளத்தையும் தீயது என்று பொய்யாக எச்சரிக்கிறதா என்பதே அங்குப் பார்க்கப்படுகிறது. பாடத்துக்கு 6 புள்ளி, மொத்தம் 18.

துண்டறிக்கையின் ‘100%’ இதில் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது? பாதுகாப்பு ஒன்றை மட்டும் சேர்ந்தது. மற்ற இரண்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பழைய மடிக்கணினி வைத்திருக்கும் குடும்பத்துக்கு வேகம் உயிர்நாடி. தமிழ்ச் செயலி பயன்படுத்தும் குடும்பத்துக்குப் பொய் எச்சரிக்கை உயிர்நாடி. இரண்டையும் மறைத்துவிட்டு ஒன்றைக் காட்டுவது, கணிதத்தில் தவறிய பிள்ளையின் நன்னடத்தைச் சான்றிதழை மட்டும் சட்டம்போட்டு மாட்டுவதைப் போன்றது.

கேள்வி 2: எத்தனை கேள்விகள்?

ஒரு கணக்குப் போடுவோம். சோதனையில் 400 தாக்குதல்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘அ’ மென்பொருள் ஒன்றைத் தவறவிடுகிறது: 99.75 விழுக்காடு. ‘ஆ’ மென்பொருள் இரண்டைத் தவறவிடுகிறது: 99.5 விழுக்காடு. வரைபடத்தில் 98-இலிருந்து 100 வரை மட்டும் கோடு கிழித்துக் காட்டினால், ‘அ’ வானத்திலும் ‘ஆ’ பள்ளத்திலும் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் வேறுபாடு என்ன? ஒரே ஒரு கேள்வி!

அடுத்த மாதம் வேறு 400 தாக்குதல்களை எடுத்தால் இந்த இரண்டும் இடம் மாறி நிற்கலாம். இவ்வளவு சிறிய வேறுபாட்டைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய 400 கேள்விகள் போதா. இதை உணர்ந்துதான் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ‘இவர் முதலிடம், இவர் ஏழாமிடம்’ என்ற வரிசையைப் பெரிதாக்காமல், ஒன்றுக்கொன்று நெருக்கமாக நிற்பவற்றைப் புள்ளியியல் முறையில் ஒரே குழுவாகச் சேர்த்துத் தரம் வழங்குகிறது. சோதித்தவரே ‘இவை ஒரே தரம்’ என்று சொல்லியிருக்க, விற்பவர் ‘எங்களுடையதே உயர்வு’ என்று பறை அறைகிறார்!

பட்டியலின் அடியில் 90 விழுக்காட்டுக்குக் கீழே தள்ளாடுவதை ஒதுக்குங்கள். அதற்குச் சோதனை உறுதியாக உதவும். மேலே 99-க்கும் 100-க்கும் இடையில் நெருங்கி நிற்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அந்த எண் உதவாது.

கேள்வி 3: தேர்வு எழுதியது யார்?

பள்ளித் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்தால் நாம் கொதித்துப் போவோம். மென்பொருள் உலகிலும் அது நடந்தது. 2015 ஏப்ரல் இறுதியில், ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ், வைரஸ் புல்லட்டின் ஆகிய மூன்று அமைப்புகளும் ஒன்றுசேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சீனாவின் ‘கீஹு 360’ நிறுவனம் சோதனைக்கு அனுப்பிய பதிப்பில், ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் நிறுவனத்தின் கண்டறியும் பொறி இயக்கத்தில் இருந்தது. அதன் பெரும்பாலான பயனருக்குக் கிடைத்த பதிப்பிலோ அந்தப் பொறி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு வழங்கிய சான்றுகளையும் தரவரிசையையும் மூன்று அமைப்புகளும் திரும்பப் பெற்றன. அடுத்த மாதமே, வேகச் சோதனையில் மட்டும் நன்றாகத் தெரியும்படி தன் மென்பொருளைச் செப்பம் செய்திருந்ததற்காக, ‘டென்சென்ட்’ நிறுவனத்தின் சான்றுகளும் திரும்பப் பெறப்பட்டன.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. சோதனைக்கூடங்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை என்பது ஒன்று. பதக்கம் குத்திய பதிப்பும் உங்கள் கைக்கு வரும் பதிப்பும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. கட்டணப் பதிப்பு பெற்ற மதிப்பெண்ணைக் காட்டி அடிப்படைப் பதிப்பை விற்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கேள்வி 4: எப்போது வாங்கிய மதிப்பெண்?

2012-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கிவந்த ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்’ மென்பொருள் ஏவி-டெஸ்ட் சான்றிதழை இழந்தது. 2013 ஜனவரியில் மைக்ரோசாப்ட் மறுமொழி கூறியது. சோதனையில் தன் மென்பொருள் தவறவிட்ட மாதிரிகளால் பாதிக்கப்பட்டவர் தன் பயனரில் 0.0033 விழுக்காட்டினரே என்பது அதன் வாதம்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? இரு பக்கமும் கொஞ்சம் உண்டு. சோதனைக்கூடம் ஒவ்வொரு மாதிரியையும் ஒரு மதிப்பெண்ணாக எண்ணுகிறது. உலகில் அந்த மாதிரி ஆயிரம் பேரைத் தாக்கியதா, ஒருவரைக்கூடத் தாக்கவில்லையா என்பது அந்த எண்ணிக்கையில் தெரிவதில்லை. மறுபுறம், தோற்ற மாணவனே தன் விடைத்தாளைத் திருத்திக் காட்டினால் அதை அப்படியே ஏற்கவும் இயலாது. விழுக்காடு என்பது எதில், எத்தனையில் என்று கேட்காமல் பொருள் தராது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. விண்டோஸோடு சேர்ந்தே வரும் ‘டிஃபெண்டர்’ படிப்படியாகத் தேறி, 2019-இல் அதே ஏவி-டெஸ்ட் சோதனையில் 18-க்கு 18 பெற்றது. ஆனால், ‘விண்டோஸோடு இலவசமாய் வருவது எதற்கும் உதவாது’ என்ற 2012-ஆம் ஆண்டுப் பேச்சு இன்றும் விற்பனையாளர் வாயில் உயிரோடு இருக்கிறது. முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்டத் தடுமாறியவனை ஆறாம் ஆண்டிலும் ‘மந்தம்’ என்று அழைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கேள்வி 5: நல்லவனைத் திருடன் என்றால்?

இனி, நம் தமிழ் விசைப்பலகைக்கு வருகிறேன்.

தமிழ்த் தட்டச்சுச் செயலி எப்படி இயங்குகிறது? நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் அது இடையில் நின்று கேட்கிறது. அதைத் தமிழெழுத்தாக மாற்றித் தருகிறது. கடவுச்சொல் திருடும் நிரலும் ஒவ்வொரு விசையையும் இடையில் நின்று கேட்கிறது. பிறகு அதைத் திருடனுக்கு அனுப்புகிறது. நடத்தையை மட்டும் பார்க்கும் காவலாளிக்கு இருவரும் ஒரே சாடையில் தெரிகிறார்கள். மேலும், உலகில் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் செயலிக்கு ‘நற்பெயர்’ இருக்கும். சில ஆயிரம் பேர் மட்டும் பயன்படுத்தும், தன்னார்வலர் ஒருவர் எழுதிக் கொடுத்த, மின்னொப்பமில்லாச் செயலிக்கு அது இராது. ‘அறிமுகம் இல்லாதவன், பிடித்து உள்ளே போடு’ என்று முடிவாகிவிடுகிறது.

ஏவி-கம்பேரட்டிவ்ஸ் தன் பொய் எச்சரிக்கைச் சோதனையில், தவறாகப் பிடிபட்ட கோப்பு எவ்வளவு பரவலானது என்பதையும் தரம் பிரித்துக் குறிப்பிடுகிறது. பெரும்பான்மையினரைக் கருதும்போது அது நியாயமான முறையே. ஆனால் அந்த அளவுகோலில் நம் தமிழ்ச் செயலிகள் எங்கே நிற்கும்? அடிமட்டத்தில்! நம்மைப் பாதிக்கும் பிழை, உலகத்தின் பார்வையில் மிகச் சிறிய பிழை. ஆகவே அதை நமக்காக வேறெவரும் எண்ணிச் சொல்ல மாட்டார்கள்.

பெரிய கோப்புகளுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. 2010 ஏப்ரல் 21-இல் மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட ஓர் இற்றை, விண்டோஸ் எக்ஸ்பி-யின் இன்றியமையாத அமைப்புக் கோப்பு ஒன்றையே நச்சுநிரல் என்று கருதியது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்து தவித்தன. அன்று அக்கணினிகளை முடக்கியது எந்த நச்சுநிரலும் அன்று, காவலாளியே.

பொய் எச்சரிக்கைக்கு இன்னொரு தீய விளைவும் உண்டு. ‘புலி வருது, புலி வருது’ என்று கத்தும் காவலாளியை நாளடைவில் வீட்டார் நம்புவதில்லை. எல்லா எச்சரிக்கைக்கும் ‘அனுமதி’ என்று அழுத்தப் பழகிவிடுகிறார்கள். பிறகு உண்மைப் புலி வரும்.

தேர்வில் கேட்கப்படாத கேள்விகள்

இதுவரை சொன்னவை மதிப்பெண்ணைப் படிக்கும் முறை. எந்த மதிப்பெண்ணிலும் அகப்படாதவை சில உண்டு.

காவலாளி வீட்டுச் செய்தியை வெளியில் விற்கிறானா என்பதைக் கண்டறியும் விழுக்காடு சொல்லாது. அவாஸ்ட் நிறுவனம் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றுவந்த காலத்திலேயே, அதன் துணை நிறுவனமான ‘ஜம்ப்ஷாட்’ பயனரின் இணைய உலாவல் விவரங்களை விற்றுவந்தது. 2020 ஜனவரியில் இது வெளிச்சத்துக்கு வந்தபின் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் அவாஸ்டுக்கு 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்தும்படி கட்டளையிட்டு, உலாவல் விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது.

முதலாளி யார் என்பதையும் மதிப்பெண் சொல்லாது. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா ஆகிய நான்கு பெயர்களும் 2022 முதல் ‘ஜென் டிஜிட்டல்’ என்ற ஒரே குடையின்கீழ் வந்துவிட்டன. ‘நான்கையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தேன்’ என்பவர் ஒரே வீட்டின் நான்கு வாசல்களை ஒப்பிட்டவராகக்கூட இருக்கலாம். ‘சிறந்த பத்து’ என்று வரிசையிடும் இணையத்தளங்களும் அவ்வளவு எளியவை அல்ல. ‘இன்டெகோ’ என்ற நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளைச் சொந்தமாக வைத்திருந்த ‘கேப் டெக்னாலஜிஸ்’, 2021-இல் திறனாய்வுத் தளங்களை நடத்திய நிறுவனம் ஒன்றையும் விலைக்கு வாங்கியது. மாப்பிள்ளையின் தகப்பனாரே தரகராகவும் வந்தால் பெண்வீட்டார் கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் ஏமாறுவதை அந்த எண் அளப்பதில்லை. 2023-இல் சிங்கப்பூரில், கைப்பேசியில் தீய செயலியை நிறுவச் செய்து பணம் பறிக்கும் மோசடிகள் 1,899 பதிவாயின. இழப்பு குறைந்தது 3 கோடியே 41 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி. குறைந்த விலையில் கடலுணவு, வீட்டைத் துப்புரவு செய்யும் சேவை என்ற விளம்பரங்களைப் பார்த்து, எதிர்முனையில் இருந்தவர் சொல்லச் சொல்ல, மக்கள் தாங்களே அச்செயலிகளை நிறுவினார்கள். நம் நாட்டிலும் இதே வலைதான் விரிக்கப்படுகிறது. வீட்டுக் கணினியில் இருக்கும் ‘நூற்றுக்கு நூறு’ இங்கே என்ன செய்யும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

அப்படியானால் எதிர்ப்பு மென்பொருளே வேண்டாவா?

வேண்டும். இதைத் திரித்துக் கூறிவிட வேண்டா. எதிர்ப்பு மென்பொருள் இல்லாத கணினி கதவில்லாத வீடு. ஆனால், இருக்கும் கதவைப் பூட்டாமல் இரண்டாவது கதவை விலைக்கு வாங்குவது அறிவுடைமை ஆகாது. சாதாரணத் தமிழ்க் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்:

1. விண்டோஸ் 10, 11 கணினிகளில் டிஃபெண்டர் முன்பே இருக்கிறது. தனிக் கட்டணம் இல்லை. வேறொன்றை நிறுவினால் அது ஒதுங்கிக்கொள்ளும். தவணை முடிந்த சோதனைப் பதிப்புகளை நீக்கிவிட்டு, டிஃபெண்டர் இயங்குகிறதா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டு எதிர்ப்பு மென்பொருள்களை ஒருசேர ஓட்டாதீர்கள்.

2. இயங்குதளத்தைப் புதுப்பித்து வைத்திருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ஓட்டை அடைக்கப்படாத இயங்குதளத்தின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த எதிர்ப்பு மென்பொருளை ஏற்றினாலும், அது ஒழுகும் கூரையின்கீழ்ப் பாத்திரம் வைப்பதுதான். பழைய கணினி வாங்கும்முன் அது விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

3. பிள்ளைகளுக்கு நிருவாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு அமைத்துக் கொடுங்கள். திருட்டு மென்பொருளையும் ‘கிராக்’ செய்யப்பட்ட விளையாட்டுகளையும் அண்டவிடாதீர்கள்.

4. பிள்ளையின் கட்டுரைகளையும் குடும்பப் படங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து, பிறகு அதைக் கழற்றி வையுங்கள்.

5. காசு கொடுத்து வாங்கியே ஆகவேண்டும் என்றால், குறைந்தது இரண்டு சோதனைக்கூடங்களின் கடைசி மூன்று அறிக்கைகளைப் பாருங்கள். மூன்றிலும் நிலையாக நிற்கிறதா, பொய் எச்சரிக்கை எத்தனை, வேகம் எப்படி என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் என்ன, தானாகவே பணம் பிடிக்கப்படுமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

6. மலேசியாவில் மோசடிக்கு ஆளானதாக ஐயம் எழுந்தால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவு எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள்.

இறுதியாக, நம்மவர்க்கு

நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களை உரிமையோடு கேட்கிறேன். பள்ளி மண்டபத்தில் ஒருவர் மேசை போட்டு நின்றால், பள்ளியே பரிந்துரைக்கிறது என்றுதான் பெற்றோர் எண்ணுவர். அந்த நம்பிக்கையை வாடகைக்கு விட வேண்டா. விற்பனையாளர் காட்டும் அறிக்கையை முதலில் முழுமையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் வாசலைக் காட்டுங்கள். ஆசிரியப் பெருமக்களே, தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை. ஒரு தாயின் மூன்று நாள் கூலி போயிற்று. பணத்தைத் திருப்பித் தர விற்பனையாளர் மறுத்துவிட்டார். தமிழ்ச் செயலியைச் சிறைமீட்டுக் கொடுத்தேன். கூலியை மீட்டுக் கொடுக்க என்னால் இயலவில்லை.

மறுநாள் அந்த 400 தாக்குதல் கணக்கை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இரண்டு விழுக்காட்டையும் சரியாகவே கண்டுபிடித்தார்கள். “இதில் எது நல்லது?” என்று கேட்டேன். அந்தத் தாயின் மகள் கையை உயர்த்தினாள். “ஒரு கேள்விதானே சார் வித்தியாசம்? இன்னொரு தடவ டெஸ்ட் வெச்சுப் பாக்கணும் சார்” என்றாள்.

பதினொரு அகவைப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த நியாயத்தை அன்று அந்த மண்டபத்தில் ஒருவராவது எழுந்து கேட்டிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் கேட்போம்.

அன்புடன்,
உங்களில் ஒரு தமிழாசிரியன்.